தனியார் பல்கலைக்கழகத்தில் சேருமுன்: தோட்டப்புறக் குடும்பங்களுக்கான கணக்கு வழிகாட்டி

மலேசியாவில் எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த சில நாள்களுக்குள், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களுக்குத் தனியார் கல்லூரிகளின் ஆள்கள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, வழவழப்பான கையேடுகளை அடுக்கிவைத்து, பிள்ளையின் தேர்ச்சி விவரத்தைப் பார்த்ததுமே இடம் உறுதி என்றும், இன்றே பதிவுக் கட்டணத்தைக் கட்டினால் கழிவு உண்டு என்றும் சொல்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களில் பலருக்குச் சேரும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு என்பதும், இந்தப் பக்கம் நிற்கும் தாய் தகப்பனுக்கு அதற்கு முன் பல்கலைக்கழகப் படியேறிய அனுபவம் இல்லை என்பதும் அந்த மேசையில் பேசப்படாத செய்திகள்.

வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளையை உயர்கல்விக்கு அனுப்பும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன். தனியார் பல்கலைக்கழகம் கூடாது என்பது என் கருத்தன்று. அங்கே படித்து நல்ல நிலைக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நம் குடும்பங்கள் போடும் கணக்கு பெரும்பாலும் முதல் பருவக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. பட்டம் கைக்கு வரும் நாள் வரைக்கும், அதற்குப் பிறகு கடன் அடைந்து முடியும் மாதம் வரைக்கும் அந்தக் கணக்கு நீள வேண்டும். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். கையெழுத்திடுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்துவிடுங்கள்.

முதற்படி: செலவு குறைந்த கதவுகளை முதலில் தட்டுதல்

தனியார் நிலையங்கள் முந்திக்கொண்டு வருகின்றன. அரசாங்க வாய்ப்புகளின் பதில்கள் பிந்தி வருகின்றன. இந்த இடைவெளியில்தான் பல குடும்பங்களின் பணம் போய்விடுகிறது. ஆகவே அரசாங்க உயர்கல்வி நிலையங்களுக்கான சேர்க்கைத் தளமாகிய யு.பி.யு. வழியாகப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கும் பொலிடெக்னிக்குகளுக்கும், தனி விண்ணப்பங்கள் வழியாக, பல்கலைக்கழகத்திற்கு முந்திய அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷனுக்கும் ஆசிரியர் கல்விக் கழகத்திற்கும் விண்ணப்பித்துவிட்டு, அவற்றின் முடிவு தெரியும் வரை தனியாரிடம் திரும்பக் கிடைக்காத தொகை எதையும் கட்டாதீர்கள். தனியார் நிலையங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மாணவர்களைச் சேர்ப்பதால், இந்த மாதச் சேர்க்கையைத் தவறவிட்டால் இன்னும் சில மாதங்களில் அடுத்தது வரும்.

மெட்ரிகுலேஷனைப் பொறுத்தவரை, எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ (பத்துப் பாடங்களில் ஏ) அல்லது அதற்கு மேல் பெற்ற மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் தரப்படும் என்று 2024ஆம் ஆண்டு அரசாங்கம் அறிவித்தது. அந்த அளவுக்குத் தேர்ச்சி இல்லாதவர்களும் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஈப்போவிலுள்ள உங்கு ஓமார் பொலிடெக்னிக் 1969இல் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் பொலிடெக்னிக் அதுதான். அங்கே ஒரு பருவக் கட்டணம் சில நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கும். டிப்ளோமா முடித்தவர்கள் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க வழியும் உண்டு.

எஸ்.பி.எம். முடித்துப் பள்ளியிலேயே தொடரும் ஆறாம் படிவத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தாழ்வான எண்ணம் பரவியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். கடினமானது என்பது உண்மை. ஆனால் 2012 முதல் அது மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பருவத்திற்கும் தனித் தேர்வு நடக்கிறது. சரியாக அமையாத தாளைத் திரும்ப எழுதவும் வாய்ப்பு இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் படிப்பு, வீட்டிலிருந்தே போய்வரலாம், கல்விக் கட்டணச் சுமை இல்லை; முடிவில் பொதுப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகமும் இரண்டுமே திறந்திருக்கும். இந்த ஒன்றரை ஆண்டு பின்னால் எத்தனை ஆயிரம் வெள்ளியை மிச்சப்படுத்துகிறது என்பதை மூன்றாம் படியில் பார்ப்போம்.

ஒரு முக்கியமான இடைக்குறிப்பு: பிள்ளைக்கு நீல நிற அடையாள அட்டை இல்லையென்றால், அல்லது பிறப்புப் பத்திரத்தில் பெயர்க் குழப்பம் இருந்தால், படிவம் 3இலேயே தேசியப் பதிவிலாகாவில் அதைச் சரிசெய்யத் தொடங்குங்கள். அரசாங்கக் கல்விக் கடனும் பெரும்பாலான உபகாரச் சம்பளங்களும் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே.

இரண்டாம் படி: படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று நீங்களே பார்த்தல்

எம்.கியூ.ஏ. என்று அழைக்கப்படும் மலேசியத் தகுதி முகமை 2007 முதல் இயங்கி வருகிறது. அதன் மலேசியத் தகுதிப் பதிவேட்டை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியதாக இருப்பது போதாது. நீங்கள் சேரவிருக்கும் அந்தப் படிப்பு, அந்த வளாகத்தில் நடத்தப்படுவதாகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். குறியீட்டில் எஃப்.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் முழு அங்கீகாரம், பி.ஏ. என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம். தற்காலிக அங்கீகாரம் பெற்ற படிப்பு மோசமானது என்று பொருளில்லை, புதிய படிப்புகள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். ஆனால் முழு அங்கீகாரம் எப்போது எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தொழில்முறைப் படிப்புகளுக்கு இன்னொரு வாயிலும் உண்டு. பொறியியல் என்றால் பொறியியலாளர் வாரியம், மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றம், தாதிமை என்றால் தாதியர் வாரியம், கணக்கியல் என்றால் மலேசியக் கணக்காளர் கழகம் ஆகியவை அந்தப் பட்டத்தை ஏற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சட்டத்துறைக்குப் போகும் பிள்ளை, பட்டத்திற்குப் பிறகு, வழக்கறிஞராகத் தகுதி பெறுவதற்கான சி.எல்.பி. தேர்வும் எழுத வேண்டியிருக்குமா என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதற்கான காலமும் கட்டணமும் கணக்கில் சேர வேண்டியவை.

மூன்றாம் படி: பட்டமளிப்பு நாள் வரைக்குமான மொத்தச் செலவு

கட்டணத் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அதற்குக் கீழே பதிவுக் கட்டணம், முன்பணம், நூலக மற்றும் கணினி வசதிக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மாணவர் நலக் கட்டணம் என்று சிறிய எழுத்தில் வரிகள் நீளும். சிலவற்றுக்கு எதிரே 'ஒவ்வொரு பருவத்திற்கும்' என்ற சொற்கள் இருக்கும். ஆறு பருவம் என்றால் அதை ஆறால் பெருக்க வேண்டும். தாளின் அடியில், கட்டணம் முன்னறிவிப்பின்றி மாற்றத்திற்கு உட்பட்டது என்றும், தோற்ற பாடத்தைத் திரும்ப எடுக்கத் தனிக் கட்டணம் என்றும் இன்னும் சிறிய எழுத்தில் இருக்கும். இந்தக் கடைசி இரண்டு வரிகளையும் பேனாவால் வட்டமிட்டு, சேர்ந்த மாணவருக்குப் படிப்பு முடியும் வரை கட்டணம் உயராது என்ற உறுதி உண்டா, ஒரு பாடத்தைத் திரும்ப எடுக்க எவ்வளவு என்று கேட்டு, பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தாளில் உள்ளதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எஸ்.பி.எம். முடித்த பிள்ளை கோலாலம்பூர் வட்டாரத்தில் ஒரு நடுத்தரக் கட்டணப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பவுண்டேஷனும் (பட்டப்படிப்புக்கு முந்திய அடிப்படைப் படிப்பு) மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் படிக்கப் போகிறது என்று வைப்போம். பவுண்டேஷனுக்கு 18,000 வெள்ளி, பட்டப்படிப்புக்கு 75,000 வெள்ளி. அறை வாடகை 450, சாப்பாடு 450, போக்குவரத்து 100, கைத்தொலைபேசி, சோப்பு, சில்லறைச் செலவுகளுக்கு 100 என்று மாதம் 1,100 வெள்ளி. நான்கு ஆண்டுக்கு 52,800. மடிக்கணினிக்கு 2,500. எல்லாம் கூட்டினால் 1,48,300 வெள்ளி. கையேட்டின் முதல் பக்கம் சொன்னது 75,000 மட்டுமே என்பதைக் கவனியுங்கள்.

அதே பிள்ளை ஆறாம் படிவத்தை வீட்டிலிருந்தே முடித்துவிட்டு, ஈப்போவில் 60,000 வெள்ளியில் முடியும் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்து, தினமும் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருகிறது என்று வைப்போம். எண்ணெய், பராமரிப்பு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 300 வெள்ளி, மூன்றாண்டுக்கு 10,800. மடிக்கணினி 2,500. மொத்தம் 73,300. முதல் வழியின் செலவில் இது பாதிதான். பாதுகாப்புக் கருதிப் பெண் பிள்ளையை மோட்டாரில் அனுப்ப விருப்பமில்லை என்றால், பஸ் அல்லது வாடகை அறைக்கான தொகையைச் சேர்த்துப் பாருங்கள்; அப்போதும் வேறுபாடு பெரிதாகவே இருக்கும்.

நம் வட்டாரத்திலேயே நம்மவர் பலர் நினைத்துப் பார்க்காத இடங்கள் உண்டு. 2002இல் தொடங்கப்பட்ட துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் கம்பாரில் இருக்கிறது. 1969இல் கல்லூரியாகத் தொடங்கி 2022இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த டார் யு.எம்.டி.யின் கிளையும் பேராவில் இருக்கிறது. மலேசியச் சீனர் சங்கமான ம.சீ.ச.வின் முயற்சியால் எழுந்தவை என்பதற்காக அவை சீனர்களுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள்; எல்லா இனத்தவரும் படிக்கிறார்கள், பல தனியார் நிலையங்களை விடக் கட்டணமும் குறைவு. கெடாவில், மலேசிய இந்தியக் காங்கிரஸான ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. 2001இல் நிறுவிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தையும் இதே கணக்கில் வைத்து ஒப்பிடுங்கள். நம் சமூகத்தின் பல்கலைக்கழகம் என்ற பற்று எனக்கும் உண்டு. ஆனாலும் கணக்குப் போட்ட பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

நான்காம் படி: அந்தப் பணம் எங்கிருந்து வரும்

பி.டி.பி.டி.என். என்று நாம் சொல்லும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997இல் அமைக்கப்பட்டது. தனியார் நிலையங்களில் பட்டப்படிப்புக்கான அதன் கடன், 2014இல் குறைக்கப்பட்டதற்குப் பிறகு ஆண்டுக்கு உச்சமாக 13,600 வெள்ளி. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் ரஹ்மா ரொக்க உதவியைப் பெறும் குடும்பங்களுக்கு முழுத் தொகையும், வருமானம் கூடிய குடும்பங்களுக்கு அதில் ஒரு பங்கும் கிடைக்கும். மூன்றாண்டுக்கு 40,800 வெள்ளி. கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். எனப்படும் அதன் கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்றைப் பிள்ளையின் பெயரில் திறந்திருக்க வேண்டும்.

இங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, தனியார் நிலையங்களின் பவுண்டேஷன் படிப்புக்கு இந்தக் கடன் கிடையாது. அந்த ஓராண்டின் முழுச் செலவும் குடும்பத்தின் கையிலிருந்துதான் போக வேண்டும். 'பி.டி.பி.டி.என். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்' என்று மேசையில் சொல்லப்படும் சொல்லை நம்பி, இரண்டாம் பருவத்தில் தாலிச் சங்கிலியைக் கழற்றிய தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, பட்டப்படிப்பில் சேர்ந்த அன்றே கடன் பணம் வந்துவிடாது. விண்ணப்பம், ஒப்பந்தம், சரிபார்ப்பு எல்லாம் முடியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். முதல் பருவத்திற்குக் கட்ட வேண்டியதும், பிள்ளை மூன்று மாதம் சாப்பிட வேண்டியதும் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது, மதிப்பெண் குறைந்தால் கடன் நிறுத்தப்படலாம்; மிச்சப் பருவங்களின் கட்டணம் அப்போது யார் தலையில் விழும் என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். முதல் வழியில் 1,48,300இலிருந்து கடனைக் கழித்தால் குடும்பம் புரட்ட வேண்டியது 1,07,500 வெள்ளி. 48 மாதத்திற்குப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 2,240 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி. செம்பனை வெட்டும் தகப்பனும் நர்சரியில் வேலை செய்யும் தாயும் சேர்ந்து சம்பாதித்தாலும், இந்தத் தொகை வீட்டின் மற்றப் பிள்ளைகளின் சோற்றில் கைவைத்துவிடும். இரண்டாவது வழியில் குடும்பத்தின் பங்கு 32,500. மாதம் சுமார் 900 வெள்ளி. இதுவும் எளிதன்று. ஆனால் உபகாரச் சம்பளமும் சேமிப்பும் கைகொடுத்தால் தாங்கக்கூடியது.

ஊழியர் சேமநிதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 மே முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாதச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கிலும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்கிலும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பிளெக்ஸிபல் கணக்கிலும் சேர்கிறது. பிள்ளையின் உயர்கல்விக்குச் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். எடுப்பது குற்றமில்லை, ஆனால் அதன் உண்மையான விலையைத் தெரிந்துகொண்டு எடுங்கள். 2023இல் சேமநிதி வழங்கிய இலாப ஈவு 5.5 விழுக்காடு. அதே விகிதத்தில் 20,000 வெள்ளி பதினைந்து ஆண்டு கிடந்தால் ஏறத்தாழ 44,650 வெள்ளியாகியிருக்கும். மற்றவர்களை விடத் தோட்டத் தொழிலாளிக்கு இது கூடுதலாக உறைக்க வேண்டிய செய்தி. வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியவர் அவர்; பட்டணத்தில் ஒரு குறைந்த விலை வீட்டுக்கு முன்பணமாகப் போக வேண்டியது அந்தச் சேமநிதிதான். பிள்ளையின் பட்டத்திற்காக அதை முழுக்கத் துடைத்துவிட்டு, அறுபது வயதில் அந்தப் பிள்ளையின் வாடகை வீட்டில் ஒதுங்க நேர்ந்தால், சுமை இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

நகையை அடகு வைப்பது மிக இயல்பாக நம் வீடுகளில் நடக்கிறது. அடகுக்கடையில் வட்டி மாதத்திற்கு இரண்டு விழுக்காடு வரை போகும். 5,000 வெள்ளிக்கு மாதம் 100 வெள்ளி. பி.டி.பி.டி.என். வாங்குவது ஆண்டுக்கு ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம். முதற்கடன் எது, கடைசிக் கடன் எது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும். ஆலோங் என்னும் வட்டிக்காரர்களிடம் எந்தக் காரணத்திற்காகவும், ஒரு பருவக் கட்டணத்திற்காகவும் கூட, போகவே கூடாது.

திருப்பிக் கொடுக்க வேண்டாத பணத்தை முதலில் தேடுங்கள். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பாட்டி காலத்துப் பங்கு உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பெட்டியில் தேடிப் பாருங்கள். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவரிடமும், தோட்ட நிறுவனத்திற்குக் கல்வி அறவாரியம் இருந்தால் அலுவலகக் கிராணியிடமும் கேளுங்கள். விண்ணப்பங்களுக்கு இரு பெற்றோரின் மூன்று மாதச் சம்பளச் சிலிப் தேவைப்படும். சிலிப்பை மாதாமாதம் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பல்கலைக்கழகமே தரும் உபகாரச் சம்பளம் என்றால், அதைத் தக்கவைக்க எவ்வளவு சராசரிப் புள்ளி வேண்டும், ஒரு பருவத்தில் அது குறைந்தால் அடுத்த பருவத்தில் மீட்க முடியுமா என்று கேளுங்கள். நிபந்தனை கடுமையாக இருந்தால், அந்த உதவி இல்லாமலும் படிப்பை முடிக்க முடியுமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதல் வகுப்பில் தேறினால் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கிடைக்கும் வாய்ப்பு நிபந்தனைகளோடு இருக்கிறது. பிள்ளைக்கு அது நல்ல ஊக்கம். உங்கள் கணக்குத் தாளில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: பட்டம் எவ்வளவு ஈட்டித் தரும்

இந்தப் படியைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. வேலைவாய்ப்பு இணையத்தளங்களைத் திறந்து, பிள்ளை படிக்கவிருக்கும் துறையில் அனுபவமில்லாத புதிய பட்டதாரிகளுக்கு எவ்வளவு சம்பளம் தருகிறார்கள் என்று இருபது விளம்பரங்களையாவது பார்த்து எழுதுங்கள். கல்லூரிக் கையேட்டில் சிரித்துக்கொண்டிருக்கும் முன்னாள் மாணவரின் சம்பளம் உங்கள் பிள்ளைக்கும் வரும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் நிற்கும் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கச் சம்பளம் 2,600 வெள்ளி என்று வைப்போம். சேமநிதிக்கு 11 விழுக்காடாக 286 வெள்ளியும், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திற்கும் வேலைக் காப்புறுதிக்கும் சிறு தொகையும் போனால் கைக்கு வருவது ஏறத்தாழ 2,295. படிப்பு முடிந்து பன்னிரண்டு மாதம் கழித்துக் கடன் தவணை தொடங்கும். 40,800 வெள்ளிக் கடனைப் பதினைந்து ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 260 வெள்ளி. மொத்தம் 46,900க்குப் பக்கத்தில் வரும். தவணை போக 2,035. அறைக்கு 500, சாப்பாட்டுக்கு 600, மோட்டார் தவணைக்கும் எண்ணெய்க்கும் 400 என்றால் மிச்சம் 535. அதிலிருந்துதான் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும், தம்பி தங்கையின் படிப்பைப் பார்க்க வேண்டும், சொந்தமாகச் சேமிக்கவும் வேண்டும். பிள்ளை பட்டதாரியானதும் வீட்டுக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கும் பெற்றோர் இந்த 535 வெள்ளியை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. எத்தனையோ வீட்டுச் சண்டைகள் இந்தக் கணக்கு தெரியாததால் வருகின்றன.

அடுத்து, பட்டம் இல்லாமலும் அந்தப் பிள்ளை ஏதோ சம்பாதிக்கத்தான் போகிறது. தொழிற்சாலையில் நான்காண்டு அனுபவத்தோடு அதே வயதில் 1,900 வெள்ளி வாங்கக்கூடும் என்று வைத்தால், பட்டம் கூட்டித் தருவது மாதம் 700, ஆண்டுக்கு 8,400 வெள்ளி. முதல் வழியில் குடும்பம் போட்ட 1,07,500உம் கடனுக்குச் செலுத்தும் 46,900உம் சேர்ந்து 1,54,000 வெள்ளிக்கு மேல்; வேறுபாடு அப்படியே இருந்தால் அதை மீட்கப் பதினெட்டு ஆண்டு ஆகும். இரண்டாம் வழியில் 79,000 சொச்சம், ஒன்பதரை ஆண்டு. படிக்கும் காலத்தில் ஈட்டாமல் விட்ட சம்பளத்தை இதில் நான் சேர்க்கவில்லை. குறைந்தபட்சச் சம்பளப்படி பார்த்தாலும் நான்கு ஆண்டுக்கு அது 81,600 வெள்ளி.

இந்த எண்களைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. வேறுபாடு அப்படியே நின்றுவிடுவதில்லை என்பதே காரணம். கணக்கியல், பொறியியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற, ஏணிப்படி உள்ள துறைகளில் ஐந்தாறு ஆண்டில் 700 என்பது 2,000 ஆகலாம். அப்போது மீட்கும் காலம் பாதியாகக் குறையும். ஏணி இல்லாத துறைகளும் உண்டு. பொதுவான வணிக நிர்வாகம், மக்கள் தொடர்பு போன்ற பட்டங்களோடு வெளிவருவோர் பெருந்தொகை. அவர்களில் பலர் டிப்ளோமாக்காரர்கள் செய்யும் வேலையிலேயே தொடங்குகிறார்கள். அத்தகைய பட்டத்திற்கு ஒன்றரை லட்சம் வெள்ளி செலவழிப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. அதையே பொதுப் பல்கலைக்கழகத்தில் சில ஆயிரம் வெள்ளியில் படிக்கக் கிடைத்தால் தயங்காமல் படிக்கலாம்.

மருத்துவத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பெற்றோரின் கனவு பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கிறது. தனியாரில் மருத்துவப் படிப்பு பல லட்சம் வெள்ளியை எடுக்கும்; கல்விக் கடன் அதன் ஓரத்தைக் கூடத் தொடாது. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் அரசாங்க மருத்துவமனைகளில் ஒப்பந்த அடிப்படையில்தான் நியமிக்கப்படுகிறார்கள். முன்பு போல் நிரந்தர வேலை தானாகக் கிடைப்பதில்லை. வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைக்கும் முன் இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். அதே பிள்ளைக்குத் தாதிமையில் விருப்பம் இருந்தால், சில தனியார் மருத்துவமனைகளே படிப்புச் செலவை ஏற்று, முடித்ததும் சில ஆண்டு தங்களிடம் வேலை செய்ய ஒப்பந்தம் போடுகின்றன. அந்த ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்ற வரியை மட்டும் தவறாமல் படித்துவிடுங்கள்.

ஆறாம் படி: பாதியில் நின்றால் என்ன ஆகும்

படிப்பை முடித்தவருக்குக் கடனோடு சம்பளமும் இருக்கிறது. பாதியில் நின்றவருக்குக் கடன் மட்டுமே இருக்கிறது. நான் அறிந்தவரை பாதியில் நின்ற தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் படிக்க முடியாமல் நின்றவர்களல்லர்; மூன்றாம் நான்காம் பருவத்தில் கட்டணப் பாக்கி ஏறி, தேர்வு எழுத முடியாமல் நின்றவர்கள். ஆகவே சேரும் முன்பே இரண்டு பருவத்திற்கான குடும்பப் பங்கைத் தனியாக ஒதுக்கிவைக்க முடியுமா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஓராண்டு வேலை செய்து சேர்த்துவிட்டுச் சேர்வதில் எந்தக் குறைவும் இல்லை. எஸ்.பி.எம். சான்றிதழ் காலாவதியாவதில்லை.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டு, கட்டணம் கட்டத் திணறுபவர்களுக்கும் ஒரு சொல். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். அப்படி நின்றால் பருவக் கட்டணம் முழுவதும் பாக்கியாக ஏறிக்கொண்டே போகும், கல்விக் கடனும் சிக்கலாகும். நிதிப் பிரிவுக்குப் போய்த் தவணை முறை கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் பருவம் தொடங்கும் முன் எழுத்து மூலம் படிப்பை ஒத்திவைக்க விண்ணப்பித்து, அந்தக் கடிதத்தின் நகலைப் பி.டி.பி.டி.என். அலுவலகத்திற்கும் கொடுத்துவிடுங்கள். அதுவரை முடித்த பாடங்களின் அதிகாரபூர்வ மதிப்பெண் அறிக்கையைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் குறைந்த வேறொரு நிலையத்திற்கு மாறும்போது, முடித்த பாடங்களுக்கான கிரெடிட்டை மாற்றிக்கொள்ள அந்த அறிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள்.